நேரில் பார்த்தேன் என்று எழுதியவர்

மேடையில் வீற்றிருக்கும் மாண்பமை நீதிபதி அவர்களே, நிர்வாக அதிகாரி அவர்களே, வழக்கறிஞர் சங்கத்துப் பெரியோர்களே, எதிரே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் அலுவலகத் தோழர்களே, இடமில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவருக்கும் மகளுக்கும் தனியாக ஒரு வணக்கம். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசும் தகுதி எனக்கு உண்டா இல்லையா என்பது, நான் பேசி முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். "அண்ணே, நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிருங்க" என்று சங்கச் செயலாளர் காதில் சொல்லி அனுப்பினார். எனக்கு முன்னால் ஆறு பேர் நல்லதாகப் பேசிவிட்டார்கள். கடமை தவறாதவர் என்றார்கள். பொறுமையின் வடிவம் என்றார்கள். பொறுமையா? அந்த அம்மாவுக்கா? இந்த ஆறு பேரில் நான்கு பேர் அவர் மேசை முன்னால் நின்று தொண்டை கிழியச் சண்டை போட்டவர்கள். அவரும் விட்டுக்கொடுக்காமல் திருப்பிப் போட்டவர். அந்தச் சண்டையெல்லாம் எங்கே போயிற்று? இறந்துவிட்டால் எல்லாரும் பொறுமைசாலி ஆகிவிடவேண்டுமா?

நம் மைனர் வைப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர் அவர். வெளியாட்களும் வந்திருக்கிறார்கள் என்பதால் அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். விபத்தில் அப்பாவை இழந்த குழந்தைக்கு இழப்பீடு கிடைக்கிறது. தலையில் அடிபட்டு, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போன பெரியவருக்கும் கிடைக்கிறது. அந்தப் பணத்தை அவர்கள் கையில் கொடுக்க முடியாது. நீதிமன்றம் வங்கியில் போட்டு வைக்கிறது. படிப்புக்கு, மருந்துக்கு என்று காப்பாளர் மனுப் போட்டால், எங்கள் பிரிவு விசாரித்துக் குறிப்பு எழுதும். அந்தக் குறிப்பை நம்பித்தான் நீதிபதி கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் எங்கள் வேலை. வாய் இல்லாதவர்களுக்கு வாயாக இருக்கவேண்டிய வேலை.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார்? மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார். அதில் பணத்துக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் உட்காரலாம். வழக்கறிஞர் நிற்க வேண்டும். சித்தப்பா, மாமா, பெரியப்பா எல்லாரும் நிற்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை கால் எட்டாமல் அதில் உட்கார்ந்திருக்கும். அதன் காலுக்குக் கீழே பழைய கோப்புக் கட்டு ஒன்றை வைப்பார். பிள்ளையைக் கூட்டி வராமல் வந்தவர்களிடம் ஒரே பதில்தான். "ஓனர் எங்க? ஓனரைக் கூட்டிட்டு வாங்க." அதனால்தான் வழக்கறிஞர்கள் கேலியாக 'நாற்காலியம்மா' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். இன்றைக்கு இந்த மேடையில் அந்தப் பெயரை மரியாதையோடு சொன்னீர்களே, வைக்கும்போது அந்த மரியாதை இருந்ததா?

ஒருநாள் ஒரு மாமா ஒரு பையனைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். படிப்புச் செலவுக்கு மனு. அம்மா கோப்பைப் புரட்டினார், பையனின் கையைப் பார்த்தார், மறுபடியும் கோப்பைப் பார்த்தார். "ஆக்சிடெண்ட்ல இடது கையில ரெண்டு விரல் போச்சுன்னு இருக்கே. திரும்ப வளந்துருச்சா?" என்றார். மாமாவுக்கு வேர்த்து ஊற்றியது. பக்கத்து வீட்டுப் பையனை பிஸ்கட் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்! பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையனிடம், "பிஸ்கட் வாங்கிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினான். "அதையும் குடுக்கலையா!" என்று அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

அவர் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பெயிண்டரின் கதையைச் சொல்கிறேன். இந்த உரையே அவரைப் பற்றியதுதான். மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தது, கை, கால், பேச்சு மூன்றும் போயின. நாற்காலிக்கு அவரால் வர முடியாது. அதனால் அம்மா அவரிடம் போனார். தலைப்பக்கம் உயர்த்துகிற மாதிரி ஒரு கட்டில் வேண்டும் என்று அவர் மனைவி மனுப் போட்டிருந்தார். அம்மா படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியிடம் கேட்கவில்லை, அவரிடமே கேட்டார். "தம்பி, இது உங்க பணம். இதுல ஒரு கட்டில் வாங்கலாமா? சரின்னா கண்ணை இறுக்கி மூடித் தொறங்க. வேணாம்னா மூடாதீங்க." நாற்பது நிமிடம் காத்திருந்தார். முதல் நாள் அவருக்கு அது பிடிபடவே அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு மூடித் திறந்தார். உடனே அம்மா, "என்ன கலர்?" என்றாராம். வெள்ளை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாராம். பச்சைக்குக் கண் மூடியது. மறுநாளே கோப்பு மேலே போனது, அந்த வாரமே பணம் வந்தது. பச்சைக் கட்டில் வாங்கினார்கள். சொல்லுங்கள், இதுவா முட்டுக்கட்டை?

ஒவ்வொரு குறிப்பிலும் 'நேரில் பார்த்தேன்' என்று தன் கையால் எழுதுவார். அதோடு நிறுத்தமாட்டார். 'நேரில் பார்த்தேன். முன்பல் விழுந்திருக்கிறது. செருப்பு சிறியது.' 'நேரில் பார்த்தேன். சவரம் செய்து விட்டிருக்கிறார்கள். மனைவி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்.' இப்படி நாலு வரியாவது இருக்கும். பார்க்காமல் அதை எழுத முடியாது. அதுதான் விஷயம்.

பிறகு நிர்வாகத்தில் இருக்கும் நீங்கள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தீர்கள், எத்தனை கோப்பு முடிந்தது, எத்தனை நிலுவை என்று. மைனர் பிரிவு பின்தங்கிவிட்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னீர்கள். ஆஸ்துமாக்காரரான அம்மாவைக் கொண்டுபோய், சன்னல் இல்லாத கீழ்த்தளப் பதிவறையில் போட்டீர்கள். நிர்வாக வசதிக்காக என்று உத்தரவில் எழுதியிருந்தது. யாருடைய வசதிக்காக? அடுத்த வாரமே பிரிவுக்கு ஒரு ரப்பர் முத்திரை வந்தது. 'நேரில் பார்க்கப்பட்டது.' ஒரு தட்டு தட்டினால் போதும். பல்லும் வேண்டாம், செருப்பும் வேண்டாம். யார் பார்த்தார் என்றுகூட அதில் இல்லை, கவனித்தீர்களா?

அந்த முத்திரையைத் தட்டியது யார்? அவர் இடத்தில் உட்கார்ந்தது யார்? நான்தான். பத்தொன்பது வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன்தான். முதல் மாதமே நிலுவை பாதியாகக் குறைந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நான் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். வெட்கங்கெட்டவன்!

பெயிண்டரின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். பெயிண்டரின் தம்பி காப்பாளர் ஆனார். சிகிச்சைக்கு என்று மனு வந்தது, முத்திரை தட்டினேன். மறுபடி வந்தது, தட்டினேன். மூன்றாவது முறை கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தட்டினேன். நேரில் பார்க்கப்பட்டது. நேரில் பார்க்கப்பட்டது. நேரில் பார்க்கப்பட்டது. யார் பார்த்தது? எவன் பார்த்தான்?

பார்த்தவர் ஒருவர் இருந்தார். பதிவறைக்குப் போன பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை படியேறி, மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அண்ணே, பெயிண்டரை நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"சீல் இருக்குல்லம்மா" என்றேன்.

"சீல் இருக்கு. நீங்க பாத்தீங்களா?"

நான் அடுத்த கோப்பை எடுத்தேன். எதிரே அவருடைய நாற்காலி இருந்தது, அதன்மேல் நான் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நான்கு புகார் எழுதினார். முதல் மூன்றும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. நான்காவதற்குப் பதில் வந்தது. என்ன பதில்? உரிய அனுமதி இன்றி ஒரு தரப்பினரின் வீட்டுக்குச் சென்றது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ! அனுமதியோடு பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. அவனுக்குப் பாராட்டுக் கடிதம். அனுமதி இல்லாமல் பார்த்தவருக்கு மெமோ. இதைவிட ஒரு கேவலம் உண்டா? நிர்வாக அதிகாரி அவர்களே, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. எனக்கும் தெரியும்.

மெமோ வந்த பதினோராம் நாள், பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அவர் மகள் நேற்று என்னைத் தேடி வந்து, அம்மாவின் கைப்பையில் இருந்த ஒரு தாளைக் கொடுத்தார். "மாமா, இது ஆபீஸ் பேப்பர்னு நெனைக்கிறேன்" என்றார். மெமோவுக்கு அவர் எழுதி வைத்திருந்த விளக்கம் அது. ஒரே வரி. 'அவரை வேறு யாரும் பார்க்காததால் சென்றேன்.' பார்க்காதவன் என்று அந்த வரி யாரைச் சொல்கிறது என்பது மகளுக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் பிள்ளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது. இப்போது தெரிந்துகொள், மகளே. என்னைத்தான் சொல்கிறது.

நண்பர்களே, நாளை மறுநாள் திங்கட்கிழமை. பெயிண்டரின் தம்பி நான்காவது மனு போட்டிருக்கிறார். மீதியுள்ள பணம் முழுவதையும் ஒரே தடவையாகக் கேட்கிறார். கோப்பு என் மேசையில் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் எதுவும் மிச்சம் இருக்காது.

இதோ அந்த முத்திரை. என் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தேன். நீதிபதி அவர்களின் மேசைமேல், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இதை வைக்கிறேன். இனி இதை நான் தொடமாட்டேன். பிரிவில் இருக்கும் தோழர்களே, நீங்களும் தொடாதீர்கள். நிலுவை ஏறட்டும், மெமோ வரட்டும், எத்தனை பேரைத்தான் பதிவறையில் போடுவார்கள் பார்த்துவிடுவோம்! இன்னொன்று. மேடைக்கு நாற்காலி போதவில்லை என்று எங்கள் பிரிவிலிருந்து ஒன்றை எடுத்து வந்திருக்கிறார்கள். கைப்பிடி உடைந்து கயிறு சுற்றிய, அம்மா தன் மேசைக்கு எதிரே போட்டிருந்த அந்த நாற்காலியில்தான் நிர்வாக அதிகாரி அமர்ந்திருக்கிறார். இப்போது எழுந்திருக்க வேண்டாம் ஐயா. திங்கட்கிழமை காலை அது எங்கள் பிரிவில் இருக்க வேண்டும். அதற்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. இனி நான் படிக்கப்போகும் தாள் திங்கட்கிழமை கோப்பில் சேரும்போது, அந்தப் பதினான்கு மாதம் எனக்கு இருக்குமா என்று தெரியாது. என் மனைவியிடம் சொன்னேன். "அந்தச் சட்டத்தை மொதல்ல செவுத்துலருந்து கழட்டுங்க" என்றாள். கழற்றிவிட்டுத்தான் இன்று காலை பெயிண்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த தம்பி என்ன கேட்டார் தெரியுமா? "எதுக்கு சார் நேர்ல வந்தீங்க? முன்னாடியெல்லாம் வரமாட்டீங்களே!" என்றார். செருப்பால் அடித்ததுபோல இருந்தது. அடி வாங்க வேண்டியவன்தான்.

அம்மாவைப் போல எழுத எனக்கு வராது. ஆனாலும் என் கையால் எழுதியிருக்கிறேன். படிக்கிறேன்.

'நேரில் பார்த்தேன். முன்னறையில் பச்சைக் கட்டில் இருக்கிறது. அதில் காப்பாளர் படுத்துக்கொள்கிறார். பணத்துக்கு உரியவர் பின்கட்டில், தரையில், கோணிமேல் கிடக்கிறார். முதுகில் மூன்று புண்கள். நகம் வெட்டிப் பல மாதம் ஆகியிருக்கும். மருந்து எதையும் காணோம். இதற்கு முன் மூன்று முறை 'நேரில் பார்க்கப்பட்டது' என்று முத்திரையிட்டவன் நான். மூன்று முறையும் பார்க்கவில்லை. நாற்காலியம்மா இறந்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. திறந்த பிறகு கேட்டேன்: தம்பி, இது உங்கள் பணம். முழுவதையும் உங்கள் தம்பி எடுத்துக்கொள்ளலாமா? சரியென்றால் மூடுங்கள். அவர் என்னையே பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக் காதுவரை வழிந்தது. மூடவில்லை.'