தகர வீட்டுக்கு ஒரு தாழ்ப்பா

பயப்படாதீங்க ஆசாரியண்ணே, மேல யாரும் நடக்கல. தகரம் ஆறுது. பகலெல்லாம் வெயில குடிச்சிட்டு விரிஞ்சி கெடக்குதில்ல, இருட்டினதும் சுருங்கும். அப்போ இப்படித்தான் டக்கு டக்குனு சொடக்கு எடுக்கும். மொதல்ல எனக்கும் திக்குனு இருக்கும், யாரோ திருடன் ஏறிட்டான்னு. இப்ப அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரே வருது. ஒரு சொடக்கு கேட்டுச்சின்னா கொஞ்சம் சூடு எறங்கிச்சின்னு அர்த்தம்.

டார்ச்ச இப்படிப் புடிக்கவா? இன்னும் கீழயா? சரி. கரண்ட நம்பாதீங்க. இப்ப போனா எப்ப வரும்னு அவுங்களுக்கே தெரியாது.

அண்ணே, அந்த சுத்தியல்ல கொஞ்சம் துணி சுத்திக்கிறீங்களா? பாப்பா தூங்குறா. இந்தாங்க, இந்தப் பழைய பாவாடய கிழிச்சிக்கோங்க. அவ தூங்கறது எனக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு ராத்திரி அவ இந்த வூட்டுல அழாம தூங்கி எழணும். அவ்ளோதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் இத்தன பாடு.

தாழ்ப்பா எப்படிப் போச்சா? போன மார்கழில அடிச்சுதே தானேன்னு ஒரு புயலு, அதுலதான். அன்னிக்கு காத்து கதவ அடிச்ச அடியில தாழ்ப்பா, கீலு எல்லாம் பிச்சினு போச்சு. கூரை அப்ப ஆஸ்பெஸ்டாஸு, அப்பளமா நொறுங்கிடிச்சி. ஊரே கூரைக்கு அலஞ்சுது, கைக்குக் கெடச்சது தகரம்தான், போட்டுட்டோம். வாசல்ல ஒரு வேப்பமரம் நின்னுது, அதுவும் வேரோட சாஞ்சிடிச்சி. அந்த மரம் இருந்தவரைக்கும் எங்களுக்கு வெயில்னா என்னான்னே தெரியாதுண்ணே. இப்ப கடலூர்ல நாய் படுக்க நெழலு இருக்கா சொல்லுங்க? கீல அப்பவே மாட்டிட்டோம். தாழ்ப்பா மட்டும் இத்தன மாசமா நாளைக்கு நாளைக்குன்னு போச்சு. ராத்திரில குழவிக்கல்ல உருட்டி முட்டுக் குடுத்துனு படுப்பேன். ஆனா ஒரு ஆளு தோளக் குடுத்துத் தள்ளினா நவுந்துடுது.

தள்ளிப் பாத்தாங்களாவா? ம். தள்ளினாங்க.

அண்ணாந்து பாருங்க, அதெல்லாம் என் பொடவதான். சிரிக்காதீங்க. நூல் பொடவையா பாத்து ஒண்ணோட ஒண்ணு தச்சி, தகரத்துக்கு ஒரு மொழம் கீழ எறக்கிக் கட்டியிருக்கேன். சூடு அதுக்கு மேலயே நின்னுடும். நின்னா மட்டும் பத்தாது, வெளிய போவ வழி வேணுமில்ல? அதான் பின்சுவத்துல, அதோ, கூரையோரமா ரெண்டு செங்கல் பேத்துட்டேன். நான்தாண்ணே. தோச திருப்பிய வெச்சி கார காரயா சொரண்டி எடுத்தேன். ஸ்கூல்ல பிசிக்ஸ் சிஸ்டர் தலதலயா அடிச்சினு சொல்லுவாங்க, சூடான காத்து லேசு, மேலதான் போகும், அதுக்கு வழி விட்டா கீழ குளுந்த காத்து தானா உள்ள வரும்னு. அஞ்சு மார்க் கேள்வி அது. அப்ப மனப்பாடம் பண்ணி எழுதினேன். புரிஞ்சது இந்த சித்திரையிலதான்.

கூரைக்கு மேல சுண்ணாம்பும் அடிச்சேன். ஏணி போட்டு ஏறி நானே. கீழ நின்னு தெருவே வேடிக்க பாத்துது. பக்கத்து வூட்டு ராஜாமணி, அதான் மாடு வெச்சிருக்காங்களே, அவுங்க கத்துறாங்க, ஏய் ஜான்சி, கான்வென்ட்டுல கூரைக்குக் கூட பவுடர் அடிக்கச் சொல்லித் தந்தாங்களான்னு. அடிச்சது நல்லதாப் போச்சு. மத்தியானம் தகரத்துல கைய வெச்சா முன்னெல்லாம் தோலு ஒட்டும், இப்ப வெக்க முடியுது.

தப்பும் பண்ணியிருக்கேன். எல்லா ஜன்னல்லயும் ஈரச்சாக்கு தொங்கவிட்டேன். யாரோ சொன்னாங்கன்னு. இது கடலோரம், ஏற்கெனவே காத்துல ஈரம் ஜாஸ்தி. வூடு இட்லி குண்டான் மாதிரி ஆயிடிச்சி. பாப்பாவுக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. அப்பறம்தான் தெரிஞ்சிது. பொழுது ஏறுறதுக்குள்ள எல்லா ஜன்னலையும் சாத்திடணும். மத்தியானத்துக்கு மேல கடக்காத்து எறங்கும் பாருங்க, அப்ப கெழக்கு ஜன்னல மட்டும் தொறந்து, அதுல மட்டும் சாக்கு. பொழுது சாஞ்சா சாக்கயும் எடுத்துடணும். தூளிய அவுத்துட்டேன், சூடு மேலதான நிக்குது, புள்ளைய எதுக்கு அதுல கொண்டு போய் தொங்கவிடறது? தரையில கெடில ஆத்து மணல கொட்டி, தண்ணி தெளிச்சி, மேல கோரப்பாய். காலு வெச்சிப் பாருங்க. எப்படி இருக்கு? நெசமா சொல்லுங்க, எனக்காக சொல்லாதீங்க.

இல்ல, உங்க மூஞ்சியிலயே தெரியுது. பரவாயில்லன்னாவது சொன்னீங்களே, அது போதும்.

அதாண்ணே பிரச்சன. கதவ தொறந்து வெச்சா இந்தக் கஷ்டமே இல்ல. வாசக்கதவும் பின்ஜன்னலும் தொறந்தா காத்து ஊடால பிச்சினு போகும். ஆனா நான் கதவ சாத்தணும். சாத்தினா வேகுது. தொறந்தா... தொறக்க முடியாது, விடுங்க. அதுக்குத்தான் கீழ்ப்பலகையில ஓட்ட போடச் சொன்னேன். கதவு பலம் போயிடும்னீங்க, பரவாயில்ல. எலி வந்தாலும் பரவாயில்ல. ஒரு கை உள்ள வரக் கூடாது, அவ்ளோதான். விரல் அளவுக்கு வரிசையா போடுங்க.

எங்க தெருவுலயே சிங்காரம் ஆசாரி இருக்காரே, அவர விட்டுட்டு மஞ்சக்குப்பத்துலேர்ந்து உங்கள ஏன் கூப்பிட்டேன்னா கேக்கறீங்க? சிங்காரம் ஆசாரி உளிய வெளிய எடுக்கறதுக்குள்ள சேதி மொனை வூட்டுக்குப் போயிடும்ணே. மொனையில மாடி வூடு பாத்தீங்கல்ல, பச்ச கேட்டு? அது எங்க அமராவதி அண்ணி வூடு. என் வூட்டுக்காரரோட அக்கா. எம்மாமியாரும் அங்கதான் இருக்காங்க. இன்வெர்ட்டர் இருக்கு. தெருவே இருட்டா கெடக்கறப்ப அங்க மட்டும் பேன் சுத்தற சத்தம் கேக்கும்.

கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேண்ணே. பங்குனில பாப்பாவுக்கு ஜொரம் வந்துது. ராத்திரி, கரண்டு இல்ல, வூடு அடுப்பா கொதிக்குது. கண்ணு மேல சொருகி, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்துச்சி. நான் அலறின அலறல்ல அவுங்கதான் ஓடியாந்தாங்க. ஈரத்துணி சுத்தி, ஆட்டோ புடிச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவுங்கதான் தூக்கினு ஓடினாங்க. இவரு சிங்கப்பூர்ல. நான் ஒண்ணும் புரியாம செபமால கையில வெச்சினு நிக்கறேன். எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்து தங்கலண்ணே. 

வூட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னாங்க, ரெண்டாவதும் ஆட்டம் காட்டுது, தவுட்டுக்கு வித்துடலாம்னு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு என்னண்ணே தெரியும்? நான் சிதம்பரத்துல கிறிஸ்டியன் வூட்டுப் பொண்ணு. தவுடுன்னா மாட்டுக்கு வெக்கறதுன்னுதான் தெரியும். புள்ள தங்கணும்னா வேற ஒருத்தருக்கு தவுட்டுக்கு வித்துடறது, எமன் வந்தா இது இவ புள்ள இல்லன்னு ஏமாந்து போயிடுவான், அப்பறம் திரும்ப வாங்கிக்கலாம், சும்மா ஒரு சாஸ்திரம்னாங்க. சரின்னேன். அன்னிக்கு எம் புள்ள பொழைக்கும்னா யாரு என்ன சொன்னாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். மொறத்துல பாப்பாவ படுக்க வெச்சாங்க. அண்ணி எம் முந்தானையில ஒரு படி தவுடு கொட்டினாங்க. மொறத்தோட புள்ளைய தூக்கினு போனாங்க. சாயங்காலம் பால் குடுக்கறதுக்கு எங்கிட்டயே கொண்டாந்து விட்டாங்க. நான் சிரிச்சினுதான் இருந்தேன்.

அப்பறம் தெனமும் கரண்டு போனா வருவாங்க. குழவிக்கல்ல நவுத்திட்டு உள்ள வந்து, பாவம் வேகுது புள்ளன்னு சொல்லி தூக்கினு போவாங்க. நல்லதுதானன்னு நானும் விட்டேன். காலையில கொண்டாந்து விடறது மத்தியானம் ஆச்சி. மத்தியானம் சாயங்காலம் ஆச்சி. அப்பறம் கொண்டாரதே இல்ல. நான் போய் பாத்துட்டு வரணும். பெனிட்டான்னு பேரு வெச்சேண்ணே நான். அவுங்க தவுட்டம்மான்னு கூப்பிடறாங்க. பெனிட்டான்னு கூப்பிட்டா அது திரும்ப மாட்டேங்குது. தவுட்டம்மான்னா தத்தக்கா பித்தக்கான்னு ஓடுது. அவுங்கள ம்மாங்குது.

கேக்காம இருப்பேனா? தவுட்ட திருப்பித் தர்றேன், புள்ளைய குடுங்க அண்ணின்னு போய் நின்னேன். கடையில புதுசா வாங்கினு போனேன், ஒரு படிக்கு ரெண்டு படியா. அவுங்க அதத் தொட்டுப் பாத்துட்டு, இது கடைத் தவுடு ஜான்சி, நான் குடுத்தத குடுன்னாங்க. அவுங்க குடுத்தத நான் ராஜாமணி மாட்டுக்கு வெச்சிட்டேன்! அன்னிக்கே. தவுட்ட வூட்டுல வெச்சினு என்னா பண்றதுன்னு, பாவம் அந்த மாடாவது தின்னட்டும்னு வெச்சிட்டேன். அத பத்திரமா முடிஞ்சி வெக்கணும்னு ஒருத்தராவது எங்கிட்ட சொன்னாங்களா? அண்ணி சிரிச்சாங்க. வெலைய தின்னுட்ட, பொருள எப்படிம்மா கேப்பன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். கண்ணப் பாத்தா விளையாட்டு இல்ல. அவுங்களுக்கும் புள்ள இல்லண்ணே.

போலீசா? டேசனுக்குப் போய் என்னான்னு சொல்றது? ஐயா, ஒரு படி தவுட்டுக்கு புள்ளைய வித்தேன், மாடு தின்னுடிச்சின்னா? சிரிப்பாங்க. சிரிச்சிட்டு, இன்வெர்ட்டர் வூட்டுல புள்ள நல்லாத்தானம்மா இருக்குதும்பாங்க. இவரும் போன்ல அதத்தான் சொல்றாரு. எங்கக்காகிட்ட தான இருக்குது, காத்துல தூங்குது, உனக்கு என்னா எரியுதுன்னு. எங்க வூட்லயும் கேக்க முடியாது. வேத்து மதத்துல கட்டினேன்னு, அந்தக் கல்யாணத்தோட அப்பா எங்கிட்ட பேசறதில்ல.

கடைசியா அண்ணி ஒரு வார்த்த சொன்னாங்க. தெருவே கேக்கறா மாதிரி சொன்னாங்க. உன் சூள வூட்டுல ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, புள்ள அழாம தூங்கி எழட்டும், அன்னிக்கு நானே இட்டாந்து உங்கையில குடுக்கறேன்னாங்க. ராஜாமணி கேட்டாங்க, எல்லாரும் கேட்டாங்க. அதுக்கப்பறம் ரெண்டு தரம் இட்டாந்து படுக்க வெச்சேன். ரெண்டு தரமும், புள்ள லேசா சிணுங்கினதும் வாசல்ல நின்னாங்கண்ணே. வெளியவே காத்துனு இருந்திருக்காங்க. ஒரு புள்ள தூக்கத்துல சிணுங்காதா? தட்டிக் குடுத்தா அடங்கிடும். தட்டிக் குடுக்க எனக்கு நேரம் தர மாட்டாங்க. குழவிக்கல்லு உருள்ற சத்தம்தான் கேக்கும், அவ்ளோதான், தூக்கினு போயிடுவாங்க.

முடிஞ்சிதா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணா? ரொம்ப நல்லதுண்ணே. நல்லா கனமான தாழ்ப்பாதான?

அவுங்க இன்னிக்கு எப்படி விட்டாங்கன்னா கேக்கறீங்க? விடலயே. அண்ணி காலையிலயே ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனாங்க. வெயில்ல புள்ளைக்கு அலச்சல் வேணாம்னு மாமியார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. மாமியார் பேன் காத்துல கண்ணசந்துட்டாங்க. நான் போனேன், தூக்கினு வந்துட்டேன். சொல்லல. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். இந்நேரம் அண்ணி பஸ்ஸு டவுனுக்குள்ள வந்திருக்கும்.

ஏண்ணே அப்படிப் பாக்கறீங்க? எம் புள்ளதாண்ணே. நானு பெத்தது.

உளிய எடுத்துக்கோங்க. துரப்பணத்தயும் பாத்து எடுத்துக்கோங்க. பின்பக்கமா சந்து வழியா போயிடுங்க, தெரு மொனைக்குப் போவாதீங்க. இருங்க இருங்க, ஒரே ஒரு ஒதவி. வெளிய நின்னு கதவ ஒரு தரம் தள்ளிப் பாத்துட்டுப் போங்க. உள்ள தாழ்ப்பா போட்டுட்டேன். தள்ளுங்க. தோளு குடுத்துத் தள்ளுங்கண்ணே, பொம்பள மாதிரி இல்ல, நல்லா. இன்னொரு தரம்.

நவுரல இல்ல?

போதும்ணே. போயிட்டு வாங்க. வழியில யாராவது புடிச்சிக் கேட்டா பொய் சொல்ல வேணாம், தாழ்ப்பா போட்டேன்னே சொல்லுங்க. உள்ள சில்லுனு இருக்குதுன்னும் சொல்லுங்க.