ஒருவர்கூட விலகாத ஆய்வு

பொன்னாடையைத் தண்ணீரில் நனைத்தால் சாயம் போய்விடும் என்பது துறைத் தலைவரான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் யாரும் எனக்குப் போர்த்தியதில்லை. இப்போது பீரோ நிறைய இருக்கிறது. என் மனைவி ஒன்றை மிக்ஸிக்குப் போர்த்தியிருக்கிறாள். மிக்ஸியாவது வேலை செய்கிறது என்பது அவள் கட்சி.

விசாரணைக் குழுவினர் நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் என் கிளினிக். குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு என்று சொன்னால், அது எந்த உறுப்பு என்று கேட்பார்கள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி அந்தத் துறையைத் தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. கேன்டீனில் இருதய நிபுணர்களின் மேசையில் எனக்கு நாற்காலி இருக்காது. தட்டோடு கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடுவேன். பேராசிரியராக ஆய்வுக் கட்டுரை வேண்டும். சளிக்கு சிரப் எழுதுகிறவன் எதை ஆராய்வது?

என்னிடம் ஒன்று மட்டும் இருந்தது. என் நோயாளிகள் திரும்பி வருவார்கள். காய்ச்சலுக்கும் வருவார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கவும் வருவார்கள். அவர்களில் பலர் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். எல்லோருக்கும் இருமல். கல்தூசி நுரையீரலில் படிந்துவிட்டால் அதைக் கரைக்க மருந்து இல்லை. வேலையை விட்டால் ஆயுள் நீளும். விடாவிட்டால் எந்த வேகத்தில் முடியும் என்பதை, அதே ஆட்களை வருஷாவருஷம் படமெடுத்துப் பார்த்தால் சொல்லலாம்.

வருஷாவருஷம் பொங்கல் கழிந்ததும் இலவச எக்ஸ்ரே என்று அறிவித்தேன். எல்லோரிடமும் விவரம் சொல்லிவிட்டதாகக் கல்லூரியில் சொன்னேன். நோயாளிகளிடம், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சளிதான் என்பேன். சிரப் எழுதித் தருவேன். உண்மையைச் சொன்னால் வேலையை விட்டுவிடுவார்கள். வேலையை விட்டால் ஆய்வு எங்கே இருக்கிறது? இதில் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அவர்களில் சங்கிலி என்பவர் மட்டும் ஒரு வருஷம் சிக்கல் கொடுத்தார். மனைவி முத்துச்செல்வியோடு வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலைக்கு மச்சினன் கூப்பிடுகிறானாம். கூலி குறைவுதான், ஆனால் கல் இல்லை.

“இருமல் நிக்க மாட்டேங்குதுய்யா. கல்லு வேலையாலதான்னு இவ சொல்றா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மார்க்கெட்டுக்குப் போயிருவேன்.”

படம் என் கையில் இருந்தது. போன வருஷம் புள்ளிகளாக இருந்தவை திட்டுகளாகச் சேர்ந்திருந்தன. அப்படியொரு தெளிவான படம் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த வருஷம் இது என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆசை என்றே சொல்லிவிடுகிறேன்.

“விடியக்காலைப் பனியில ஈர மூட்டையத் தூக்குனா இருமல் இன்னும் கூடும் சங்கிலி. இருக்கிற வேலையப் பாரு.”

“அப்ப இது தூசி இல்லையாய்யா?” என்று முத்துச்செல்வி கேட்டாள்.

“சளிதாம்மா” என்றேன்.

சங்கிலிக்கு முகமெல்லாம் நிம்மதி. அடுத்த வாரம் முத்துச்செல்வி ஒரு பை கத்தரிக்காய் கொண்டுவந்து வைத்தாள். காய் பிஞ்சாக, நன்றாக இருந்தது.

அடுத்த தையில் அவர் வந்து படமெடுத்துக்கொண்டார். ஆனியில் இறந்தார். மாலையோடு போனேன். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். கேன்டீனில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி இம்புட்டு நாளு இருந்திருக்க மாட்டாகய்யா” என்று அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களோடு வாதாடுவது நாகரிகமில்லை.

சங்கிலியின் படங்கள்தான் என் கட்டுரைக்கு உயிர். எந்த மேடையிலும் அவர் பெயரை மறைத்தே காட்டினேன். அந்த அளவுக்கு ஒழுங்கு எனக்கு உண்டு. ஒரு மாநாட்டில், இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஆய்விலிருந்து விலகவில்லையே, எப்படி என்று கேட்டார்கள். நோயாளிகளின் நம்பிக்கை என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த வருஷம் என்னை டீன் ஆக்கினார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, நோயாளியிடம் உண்மை பேசுவது பற்றி ஒருமணி நேரம் பேசுவேன். பாதிப் பேர் தூங்குவார்கள்.

தூங்காத ஒருத்தி ஆர்த்திகா, என் மேற்படிப்பு மாணவி. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இவங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டாள். என் பதிலைக் கேட்டுவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். நல்ல மாணவி. மதிப்பெண்ணில் நான் கை வைக்கவில்லை.

ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தேதான் சளி என்றேன். சங்கிலி வேறு வேலைக்குப் போகவிருந்தார், நான்தான் தடுத்தேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். இந்தப் பொன்னாடைகளையும் யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது.

ஆய்வில் இருந்தவர்களில் பேயாண்டியும் நல்லகாமனும் மட்டும்தான் உயிரோடு மிச்சம். இருவரும் இன்றைக்கும் பட்டறைக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. படம் எடுத்த பிறகு சொல்லுங்கள்.