பேசாமல் சாப்பிடுகிறவர்கள்

பருப்பு ஆறிப்போகுது, கை வையுங்க தம்பி. விஷமெல்லாம் இல்ல. இந்த எல்லையோரத்துல விஷம்கூட மிச்சமில்ல, ரெண்டு பட்டாளமும் வழிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

ஆமா, நானும் எதிர்ல உக்காந்துதான் சாப்பிடப் போறேன். அதைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? வீடு வீடா உக்காந்து, எவன் வாயத் தொறக்காம சாப்பிடுறான்னு பாக்குறீங்களாமே! பாரசீகக்காரன் கைகூப்பி என்னமோ முணுமுணுப்பான், அப்புறம் கடைசி வாய் வரைக்கும் பேச மாட்டான். அதனால பேசாதவனைப் பட்டியல்ல எழுது, வண்டியில ஏத்தி அவன் நாட்டுக்கு அனுப்பு. ரோமாபுரி ராஜா சொன்னதா இது, இல்ல உங்க சொந்த மூளையா? அதானே பாத்தேன்.

பக்கத்து வீட்டு பர்சௌமாவையும் எழுதிட்டீங்களே. அவனுக்குக் கடைவாய்ப் பல்லு வலி தம்பி! அவன் பொண்டாட்டி வந்து கத்தினாளா? பரவால்லயே. புருஷன் தொலையட்டும்னு அவ விட்டுருவான்னுல்ல நாங்க நெனச்சோம்.

என் வீட்ல ஒரு பாரசீக ஆள் இருக்குன்னு அவளா சொன்னா? சரி, பொய்யில்ல. எழுத வேண்டிய ஆள் ஒண்ணு இருக்கு. சொல்றேன். மொதல்ல சாப்பிடுங்க.

சண்டை முடிஞ்சுதுன்னு நீங்கதான் சொல்றீங்க. இருபத்தஞ்சு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. இப்ப ரெண்டு ராஜாவும் ஜெயிச்சாச்சாம். தோத்தது யாருன்னு தேடினா எங்க ஆடு மாடும் திராட்சைக் கொடியும்தான் அம்புட்டுது. பாலைவனத்துப் பக்கம் காவல் நின்ன ஒட்டகக்காரங்களுக்குச் சோறு போட ரெண்டு பேருக்கும் வக்கில்லையாம். அவங்க பாட்டுக்கு எழுந்து போயிட்டாங்க. நல்லா இருக்குய்யா உங்க ஜெயிப்பு.

எங்க மாதா கோயில் சாமியார்தான் கெட்டிக்காரர். பூசையில ராஜா பேர் வர்ற எடத்துல இருமிருவார். இன்னிக்கு எந்த ராஜான்னு அவருக்கு எங்க தெரியும்? நெஞ்சுச் சளின்னு ஊரே கஷாயம் கொண்டுபோய்க் குடுத்துச்சு. அத்தனையும் குடிச்சார் பாவம். நேத்துகூட இருமினார். உங்க சமாதானத்து மேல அவ்வளவு நம்பிக்கை!

நீங்க மட்டுமா பரிச்சை வைக்கிறீங்க? பாரசீகக்காரன் ஊரைப் பிடிச்சப்போ நெசவு தெரிஞ்ச பொண்ணுங்களைத் தேடினான், அவன் தலைநகரத்துக்குக் கொண்டுபோக. ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் சாதிச்சுட்டாளுக. என் மக சூஷனும்தான். அவன் என்ன செஞ்சான், ஆளுக்கொரு சிக்கு விழுந்த நூலைக் குடுத்து உக்கார வச்சுட்டான். தொடாத தொடாதன்னு கண்ணைக் காட்டுறேன். அவ கை கேக்குமா? பேசிக்கிட்டே பிரிச்சுட்டா. பதினஞ்சு வயசு.

இல்ல தம்பி, திரும்பி வந்த கைதிங்கள்ல அவ இல்ல. சேதிதான் வந்துச்சு. அங்கயே புருஷன், நாலு பிள்ளைங்க. விட்டுட்டு எப்படி வர, நீ வாம்மான்னு சொல்லி அனுப்பியிருக்கா. கடைசிப் பொண்ணுக்கு என் பேராம். அதுவும் வாய் ஓயாதாம்.

நாளைக்குத்தானே கடைசி வண்டி? அப்புறம் எல்லையை அடைச்சிருவீங்க, பட்டியல்ல இல்லாத யாரும் தாண்ட முடியாது. சரியாத்தான் கேட்டுருக்கேன்.

பரண்மேல என்ன பாக்குறீங்க? அங்க வெங்காயம்தான். ஆள் உங்க எதிர்ல உக்காந்திருக்கேன். சமூனி, பாரசீகக்காரின்னு எழுதிக்குங்க. சிரிக்காதீங்க. ஊர்ல விசாரிச்சா பொறந்ததுல இருந்து மூடாத வாய்னு சாட்சி சொல்லுவாங்க. விசாரிக்காதீங்க. உங்க பரிச்சையை மட்டும் வையுங்க. கை கூப்பியாச்சு. ரொட்டியை வாயில வச்சப்புறம் ஒரு சத்தம் வந்துச்சுன்னா பேரை அடிச்சிருங்க.

பெரிய ரொட்டியாவே எடுத்துக்கறேன். எழுத நேரம் வேணுமில்ல உங்களுக்கு.