மேட்டு மடத்துத் தண்ணிச் சனி

ரயில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலம். ஆனைவிளை என்ற ஊரில் அன்னப்பழம் என்று ஒருத்தி இருந்தாளாம். யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டாளாம். உப்பு விற்கிறவன் உப்பு என்று சொன்னால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சரி என்பாளாம். அப்படிப்பட்டவள் ஒரே ஒருமுறை நம்பிவிட்டாள். அந்தக் கதைதான் இது.

மூன்று வருஷம் மழை இல்லை. கொழும்புக்குப் போன புருஷன் போனவன்தான். கையில் ஏழு வயசுப் பெண், சிவகனி. ஊருக்கு வெளியே மேட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தின பிள்ளைகள் இல்லம் இருந்தது. மேட்டு மடம் என்பார்கள். பஞ்சத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கஞ்சி, பாடம், படுக்க இடம். மழை பெய்கிற வரைக்கும் விட்டுவிட்டுப் போ என்றார்களாம். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அன்னப்பழம் கைநாட்டு வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. பசி கேட்க விடவில்லை.

மழை பெய்தது. குளம் பெருகியது. இவள் மேட்டுக்கு ஓடினாள்.

மடத்துக்குப் பெரிய கதவு. அதில் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சன்னல். சன்னலுக்குப் பின்னால் கதவுக்காரி சூசானாள்.

"பிள்ளை நல்லா இருக்கா. இப்பப் பாத்தா அழுவா. அடுத்த மாசம் வா."

சன்னல் சாத்தியாயிற்று. அடுத்த மாதம் போனாள். நல்லா இருக்கா, பரீட்சை நடக்கு, அடுத்த மாசம் வா. அதற்கும் அடுத்த மாதம் போனாள். நல்லா இருக்கா, அடுத்த மாசம் வா. தேன் தடவின குரல். மடத்துப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தக் குரலைத் தெரியும். அது வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்னப்பழம் எந்தப் பள்ளிக்கும் போனவள் இல்லை. ஆனாலும் யோசித்தாள். நல்லா இருக்கிற பிள்ளையைக் காட்டுவதற்கு என்ன கேடு?

நாலாம் மாதம் நெத்திலிக் கருவாட்டை வறுத்து, ஓலைப்பெட்டியில் வைத்துச் சன்னல் வழியே கொடுத்தாள். மறுவாரம் போய் ஒன்றும் தெரியாதவள்போல நின்றாள்.

"சாப்பிட்டாளா அக்கா?"

"ஒண்ணு விடல. இன்னும் இருக்கான்னு கேட்டா."

சிவகனிக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது. அடுப்பில் கருவாடு ஏறினால் அடுத்த தெருவுக்கு ஓடி வாந்தி எடுக்கிற பிள்ளை.

அன்னப்பழம் சத்தம் போடவில்லையாம். சந்தோஷம் அக்கா என்றாளாம். திரும்பி நடந்தாளாம். வீட்டுக்கு இல்லை, ஊர்க்கிணற்றுக்கு.

ஏனென்றால் மேட்டு மடத்தில் கிணறு கிடையாது. பாறை, எத்தனை ஆழம் தோண்டியும் ஊறவில்லை. ஆனைவிளைப் பெண்கள்தான் தினமும் குடம் குடமாகச் சுமந்துபோய் ஊற்றுவார்கள். அவர்களிடம் இவள் கருவாட்டு விஷயத்தைச் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அவர்களிலும் சிலருடைய பிள்ளைகள் உள்ளே.

மறுநாள் சனிக்கிழமை. குடங்கள் மேடு வரைக்கும் வந்தன. கதவுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தன. உள்ளே ஒரு சொட்டு போகவில்லை.

மடத்துத் தலைவி, பெரிய மதர், தாமே வந்து சன்னலில் குனிந்தாராம்.

"அன்னப்பழம், இது பாவம். பச்சைப் பிள்ளைங்க தாகத்துல கிடக்குதுங்க."

"கிடக்க வேண்டாம் மதர். வெளியே வந்து குடிக்கட்டும். நாங்களே ஊத்துதோம்."

மதர் சட்டம் பேசினார். சர்க்கார் பேரைச் சொன்னார். சாமி பேரையும் சொன்னார். அன்னப்பழம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு முந்தானையால் உதட்டைத் துடைத்தாளாம். வெயில் ஏறியது. உச்சிக்கு முன்னால் கதவு திறந்தது.

பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் மொட்டைத் தலை, எல்லாம் ஒரே நீலச் சட்டை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. கை ஏந்தின ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றிக்கொண்டே அன்னப்பழம் கேட்டாள், "உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவா?" மடத்தில் வைத்த பேரைச் சொன்னால், அது இல்லை, வீட்டுப் பேர் என்றாள்.

கடைசிப் பிள்ளையும் குடித்தது. சிவகனி இல்லை. இன்னும் மூன்று பிள்ளைகள் இல்லை.

"எங்க?"

அப்போதுதான் மதர் உண்மையைச் சொன்னாராம். மலையில் சர்க்கார் புதிதாக ஒரு இல்லம் திறந்திருக்கிறதாம். கட்டடம் இருக்கிறது, பிள்ளை போதவில்லை என்று அதிகாரி கேட்டாராம். நாலு பேரை அனுப்பினார்களாம். கைநாட்டு வைத்த காகிதத்திலேயே அதற்குச் சம்மதம் இருக்கிறதாம். சொன்னால் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லையாம்.

"என் வருத்தத்தை நான் பாத்துக்கிடுதேன். புள்ளையக் கொண்டாங்க. அதுவரைக்கும் தண்ணி இப்படித்தான்."

பதினோரு நாள் அப்படித்தான். பன்னிரண்டாம் நாள் மாட்டுவண்டியில் நாலு பிள்ளைகள் வந்து இறங்கின. சிவகனி பக்கத்தில் வரவில்லையாம். தூர நின்று, அம்மாவின் பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தாளாம். உங்கம்மா செத்துப்போயிட்டா என்று மலையில் சொல்லி வைத்திருந்தார்கள். பாதம் படுகிறது என்று தெரிந்த பிறகுதான் ஓடிவந்தாளாம்.

இப்போது கன்னியாஸ்திரிகள் இல்லை. சர்க்கார் இல்லம், சர்க்கார் பலகை, வீட்டுக்கு வீடு குழாய். ஆனாலும் சனிக்கிழமை உச்சிக்கு முன்னால் மேட்டில் குழாயை அடைத்துவிடுவார்கள். பிள்ளைகள் வாசலுக்கு வந்து ஆனைவிளைப் பெண்கள் கையால் ஊர்க்கிணற்றுத் தண்ணீர் குடித்து, வீட்டுப் பேரைச் சொல்ல வேண்டும். அதுதான் தண்ணிச் சனி. வீட்டுப் பேர் தெரியாத பிள்ளைக்கு ஊற்றுகிறவளே ஒரு பேர் வைப்பாள். புதிதாக வருகிற கண்காணிப்பாளர் ஒவ்வொருவரும் கிணற்றுத் தண்ணீர் சுகாதாரமில்லை என்று நிறுத்தப் பார்ப்பார்கள். உங்க ஃபில்டர் தண்ணியையே வெளியே கொண்டாங்க, அதையே ஊத்துதோம் என்பார்கள் இவர்கள்.

ஒரு பிள்ளை வராவிட்டால் குடம் வாசலை விட்டு நகராது. காய்ச்சலில் படுத்திருக்கிறது என்பார்கள் உள்ளேயிருந்து.

"காய்ச்சலைக் காட்டுங்க" என்பாள் ஆனைவிளைக்காரி.