சிவமலரின் சஷ்டி விரதம்

அந்தத் திரைப்பட விழாவில் கொடுத்த, கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் நன்றாக இருந்திருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் தம்பி. வாசனையே சொன்னது. கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள் என்பதால் நான் தொடவில்லை. மகளுக்கென்று இரண்டை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன்.

சர்வதேச மகளிர் திரைப்பட விழா என்று பெட்டாலிங் ஜெயா மண்டபத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பல நாட்டுப் பெண்கள். தலைமயிரைக் கத்தரித்தவர்கள், ஆனால் மரியாதை தெரிந்தவர்கள். என் இளைய மகள் சிவமலர் இரவல் வீடியோ கேமராவில் எடுத்த குறும்படத்தை அன்று போட்டார்கள். படத்தில் ஆளே இல்லை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் சன்னலில்லாத பின்னறைக் கதவு, வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். கூடவே அவள் குரல்.

'இந்த அறையிலதான் என்ட அக்கா யோகேஸ்வரி செத்தவ. சஷ்டி விரதம் எண்டு அம்மா ஊருக்குச் சொன்னது பொய்.'

விளக்கு எரிந்ததும் இயக்குநர் எங்கே என்று கேட்டார்கள். நான் மேடையேறி, மகளுக்குக் காய்ச்சல், படம் முழுக்கக் கற்பனை என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் அல்லவா. கைதட்டி, பூங்கொத்தும் கொடுத்தார்கள்.

யோகேஸ்வரியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தவர். என் கணவர் சீவரத்தினம் ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து காலமானவர். அவர் பெற்ற பிள்ளை, கிள்ளானில் லோரி ஓட்டும் வாசுவைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். வளர்ந்த பிள்ளையைக் கை நீட்டி அடிப்பது என் பழக்கமில்லை. பின்னறையில் இருந்து யோசிக்கட்டும், அவன் பேரை விட்டால் சோறு என்றேன். அவள் விடவில்லை. அப்போதும் சஷ்டிதான். கோயிலில் விசாரித்தவர்களிடம், மிளகும் தண்ணீருமாகக் கடும் விரதம் இருக்கிறாள் என்றேன். எங்கள் சனம் அதற்குமேல் கேட்காது. விரதக்காரியைத் தொந்தரவு செய்யலாமா? அவள் போனபோதுகூட, முருகன் கூப்பிட்டுக்கொண்டார், கொடுத்து வைத்த பிள்ளை என்றுதான் அழுதார்கள். நானும் அழுதேன். பெற்ற வயிறு.

சிவமலரை அடைத்தது ஒரு மாலைக்குத்தான். அவள் விழாவுக்குப் போய் எதையும் பேசிவிடக் கூடாது, அது போதும் என்று நினைத்தேன். திரும்பி வந்து கதவருகில் நின்று, எல்லாம் கற்பனை என்று நீயும் சொல்லு பிள்ளை, கறிபாப் கொண்டு வந்திருக்கிறேன், திறந்து விடுகிறேன் என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

'அக்காவுக்கும் நீங்க இந்தக் கதவைத் திறக்கேல்லை அம்மா. நான் அதைச் சொல்லாம விடமாட்டன்,' என்றாள்.

பிடிவாதத்தில் அப்படியே அக்காவைக் கொண்டு பிறந்தவள். சரி, இவளும் சோறு தண்ணீர் இல்லாமல் விரதம் இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் கதவைத் தட்டுவது பக்கத்து வீட்டு நல்லம்மாளுக்குக் கேட்குமே. கூடத்தில் முருகன் பாட்டுக் கேசட்டை உரக்க வைத்தேன். முடிய முடியத் திருப்பிப் போட்டேன். நல்லம்மாள் வேலிப்பக்கம் வந்து, 'உங்க வீடு கோயில் மாதிரியே இருக்கு லா, அக்கா' என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சஷ்டியின் ஆறாம் நாள் விழாக்காரப் பெண்கள் வீடு தேடி வந்தார்கள். அவள் படத்துக்கு முதற்பரிசாம். விரதத்தில் இருக்கிறாள், யாரையும் பார்க்கமாட்டாள் என்றேன். அவர்கள் எங்கள் சனம் இல்லையே, அதோடு நிற்கவில்லை. படம் பார்த்தவர்கள் வேறு. வழி கேட்காமல் நேரே பின்னறைக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார்கள். உங்களைக் கூப்பிட்டதும் அவர்கள்தான்.

கறிபாப் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. ஊசிப் போயிருக்கும்.

இரண்டு பிள்ளைகளையும் பட்டினி போட்டுக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து வைக்கிறேன். சட்டத்தில் இதற்கு அதுதான் பேர் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் கல்நெஞ்சக்காரி இல்லை, அதையும் எழுதுங்கள். பாட்டு ஓடிய நேரமெல்லாம் கூடத்தில் காத்துக்கொண்டுதான் இருந்தேன். 'பசிக்குது அம்மா' என்று ஒரு சொல் என் காதில் விழுந்திருந்தால், அந்த நிமிடமே திறந்திருப்பேன்.