ஏழாவது தவறு

கணினிச் சுட்டியை டக் டக்கென்று சொடுக்கிக்கொண்டே இருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. யோசித்து வேலை செய்கிறவன் ஒரு முறைதான் சொடுக்குவான். இதைச் சொல்லும்போதே உங்கள் பேனாவைத்தான் பார்க்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். நீங்களும் அதன் தலையை அழுத்தி அழுத்தி எடுக்கிறீர்கள். பரவாயில்லை, உங்களுக்கு நான் மதிப்பெண் போடப் போவதில்லை.

என் பெயர் கசோண்டே. தொழில், கட்டட வடிவமைப்பு. கட்டடம் வரையும் மென்பொருளில் யாருக்குத் தேர்ச்சி உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லும் அதிகாரம் இந்தக் கிட்வே நகரத்தில் எனக்கு மட்டும்தான். வரைகிறவர்களுக்கு ஒரு சான்றிதழ், அதைக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. இரண்டிலும் என் கையெழுத்து. பந்தா பண்ணுகிறான் என்று நினைக்காதீர்கள். கேட்டதற்குச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கான தேர்வு ரொம்ப எளிது. ஒரு முழுக் கட்டடத்தைக் கணினியில் திறந்து கொடுப்பேன். அதில் நானே ஆறு தவறுகளை ஒளித்து வைத்திருப்பேன். ஒரு கதவு திறந்தால் கழிப்பறைப் பீங்கானில் இடிக்கும். ஒரு தூண் மாடியில் இருக்கும், கீழே இருக்காது. இப்படி. தேர்வுக்கு வந்தவர் அவற்றைக் கண்டுபிடித்து, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல எனக்கு விளக்க வேண்டும். கட்டடம் யாருடையது என்கிறீர்களா? என்னுடையதுதான். நகரத்துக்கு வடக்கே அப்போது எழும்பிக்கொண்டிருந்த மகப்பேறு மருத்துவமனை. தவறே இல்லாத கட்டடத்தில்தானே தவறை ஒளித்து வைக்க முடியும்.

தோக்கோ ஜேரே தேர்வுக்கு வந்தது மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால். தொழில்நுட்பக் கல்லூரியில் பல வருடமாக இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். இனிமேல் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்று கல்லூரி கறாராகச் சொல்லிவிட்டது. அவள் ங்கோனி, நான் பெம்பா. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. எங்களை அவர்கள் குரங்கு தின்னி என்பார்கள், அவர்களை நாங்கள் எலி தின்னி என்போம். எதுவும் சொல்லலாம், சாவு வீட்டில்கூடச் சொல்லலாம். கோபித்துக்கொள்கிறவனுக்குத்தான் அவமானம்.

"என்ன மாமா, காலைலயே குரங்குக் கறியா? முகம் பளபளன்னு இருக்கே," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எலி தின்ன கையைக் கழுவிட்டு வந்தியா? கம்ப்யூட்டர் புதுசு," என்றேன்.

அவள் அளந்து சொடுக்குகிற ரகம். அதை நான் மறுக்க மாட்டேன். மடமடவென்று ஆறும் வெளியே வந்துவிட்டன. விளக்கமும் அருமை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"ஏழாவதையும் சொல்லிடட்டுமா மாமா?"

"ஆறுதான் வச்சேன்."

"அப்போ இது உங்க கைராசில தானா வந்தது போல."

மாடிக்குப் போகும் சாய்தளம், பாதியில் திரும்பும் இடம். அங்கே ஒரு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து வைத்துத் திருப்பினாள். கணினியில் எதுவும் எதிலும் முட்டாது, சார். சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். அவள் வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பி, பாதி ஸ்ட்ரெச்சர் சுவருக்குள் இருக்கும்போது கையை எடுத்துவிட்டாள்.

"உங்க ஆஸ்பத்திரில பிள்ளை பெக்க வர்றவங்க என்ன, சுவருக்குள்ள பூந்து போற பேயா மாமா? இல்ல, பெம்பாப் பொம்பளைங்க மரம் தாவித்தான் மாடி ஏறுவாங்களா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல கேலி.

"நேத்து அந்தப் பக்கமாப் போனேன். இன்னும் பலகைதான் அடிச்சிருக்காங்க, கான்கிரீட் ஊத்தலை. ஒரு போன் போட்டா பிரிச்சுடுவாங்க, மாமா."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேலி என்றால் கடைசிவரை கேலியாகவே இருக்க வேண்டும்.

இல்லாத தவறை இருப்பதாகச் சொல்லும் ஆசிரியர் மாணவர்களைக் குழப்புவார், அவருக்குச் சான்றிதழ் தரக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவன் நான்தான். ஆனால் அவளுக்காக எழுதவில்லை, முன்பே எழுதியது. விடை ஆறு. அவள் சொன்னது ஏழு. தேர்ச்சி இல்லை என்று போட்டேன்.

"விளையாடாதீங்க மாமா. எனக்கு வேலை போயிடும்."

"கேலியைக் கேலியா எடுத்துக்கணும், தோக்கோ."

வேலை போய்விட்டது. இப்போது சந்தையில் பழைய துணி விற்கிறாள். போன வாரம்கூட அவளிடம் ஒரு சட்டை வாங்கினேன், பேரமே பேசவில்லை. இதோ, போட்டிருப்பது அதுதான்.

நீங்கள் அந்த மருத்துவமனையில் இறந்த லவ்னெஸ்ஸைப் பற்றிக் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், தெரியும். சின்ன வயசு. பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. அறுவைச் சிகிச்சை அறை மாடியில். ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், சாய்த்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் நர்சுகள் போர்வையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. குழந்தை பிழைத்துக்கொண்டது, பெண் குழந்தை. அதைப் பற்றி மட்டும் ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை.

எனக்கு முன்பே தெரியுமா என்றுதானே கேட்டீர்கள். தெரியும். தேர்வு நடந்த அன்று மாலையே தனியாக உட்கார்ந்து அந்தக் கட்டடத்தை மறுபடியும் திறந்தேன். ஸ்ட்ரெச்சரை வைத்தேன், திருப்பினேன். இடம் போதவில்லை. எப்படித் திருப்பினாலும் போதவில்லை. மேஸ்திரியைக் கூப்பிடப் போனைக்கூடக் கையில் எடுத்தேன். என்னவென்று சொல்வது? தேர்வில் தோற்ற ஒருத்தி கண்டுபிடித்தாள் என்றா? சான்றிதழ் கொடுக்கிறவனின் கட்டடத்திலேயே தவறு என்றால், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அத்தனை பேரின் கதி என்ன? அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலை கான்கிரீட் ஊற்றினார்கள். நானே நேரில் போய் நின்று பார்த்தேன். கலவையில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த மாதம் மறுபடியும் தேர்வு இருக்கிறது, அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். கல்லூரியில் தோக்கோவின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். சட்டை வாங்கப் போனபோது நானே அவளிடம் பேச்செடுத்தேன். "அதே கட்டடம்தான் வைக்கப் போறேன். இந்த வாட்டி ஆறுன்னு மட்டும் சொல்லு, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுறேன்," என்றேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நன்றி சொல்ல வாய் வரவில்லை, பாவம்.