சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே

அந்தக் கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள், சார். முடிந்தால் நான்கு விரற்கடை முன்னால் இழுத்துவிடுங்கள். பின்பக்க விசிறிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். குற்றம் சொல்வதாக நினைக்காதீர்கள். இருபத்தாறு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண் தானாக அங்கே போகிறது.

பவர் சப்ளை மாட்டுவது என் தொழில். மெஷினுக்கு வேண்டிய அளவில் கரண்ட் கொடுக்கிற பெட்டி அது. மரத்தில் மாட்டக் கூடாது, இரும்புத் தகட்டில்தான் மாட்ட வேண்டும். காற்றுப் போகும் வாய்க்கு எதிரே எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தை அந்த வாயருகே காட்டுவேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். காகிதம் ஒட்டாமல் நான் எந்த இடத்தை விட்டும் கிளம்பியதில்லை, ஒரு தடவை தவிர.

என் தங்கைக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே. அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் நான்தான். அவளுக்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். மாப்பிள்ளை பார்த்ததும் நானே. பெயர்ப்பலகை செய்கிறவர், இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டை ஒட்டியே பட்டறை. அந்த இரண்டு தெருவுக்காகத்தான் சம்மதித்தேன். மற்றபடி தங்கமான மனுஷர், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போன வருடம் அவர் எழுத்து வெட்டும் மெஷின் வாங்கினார். வேலை குவிந்தது. ஒரு நாள் இருவரும் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள்.

“அண்ணா, வேற ஊர்ல பெரிய இடமா பாத்துட்டோம். அடுத்த மாசம் மொத்தமா கிளம்பிடுவோம்,” என்றாள் தங்கை.

“ரொம்ப நல்லது,” என்றேன்.

அந்த வாரமே மெஷினின் பவர் சப்ளை பழுதானது. மாப்பிள்ளை வேறு யாரைக் கூப்பிடுவார்? புதியதை மர அலமாரிக்குள் மாட்டினேன், காற்றுப் போகும் வாய் சுவரைப் பார்த்தபடி. மெஷின் அடிக்கடி நிற்கட்டும், வேலை கெடட்டும், ஊர் மாறுகிற ஆசை விட்டுப்போகட்டும். அப்போது அவ்வளவுதான் என் எண்ணம்.

மாப்பிள்ளை நான் வேலை செய்வதை உன்னிப்பாகப் பார்த்து வைத்திருந்தார். அவரே ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அது சும்மா தொங்கியது.

“என்ன மச்சான், பேப்பர் ஒட்டலையே?”

“இது புது மாடல் மாப்ள. இதுல அப்படித்தான்.”

வாசலில் நின்ற தங்கை சிரித்தாள். “எங்க அண்ணனுக்கே பரீட்சை வைக்கிறீங்களா? நல்லா இருக்கே கதை.”

அவர் அசட்டுச் சிரிப்போடு காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சூடு ஏறினால் கரண்டைத் தானாக நிறுத்தும் சின்னப் பாகம் ஒன்று அந்தப் பெட்டிக்குள் உண்டு. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மெஷின் நாளுக்கு நாலு தடவை நின்றது. அப்படியும் தங்கை பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

“மச்சான், இது நின்னு நின்னு உயிரை வாங்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்,” என்றார் மாப்பிள்ளை. போனேன். அந்தச் சின்னப் பாகத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு வயரால் சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. அலமாரியின் கீழ்த்தட்டில் ஆறு டின் தின்னர் இருந்தது. பெயிண்ட் கரைக்கிற சாமான், ஒரு பொறி போதும். வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

“இனிமே நிக்காது மாப்ள,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

தின்னர் வாசனை தங்கைக்கு ஆகாது, அவள் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள். அதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் செய்தேன். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. மூன்றாம் நாள் மத்தியானம் தீப்பிடித்தது. அலமாரிக்குப் பக்கத்தில்தான் கதவு. மாப்பிள்ளையால் வெளியே வர முடியவில்லை.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். உங்கள் மேஜைமேல் இருக்கிற புகார் என் தங்கை எழுதியது. அவளுக்கு எழுதப் பழக்கியவனே நான்தானே, பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஏதோ துக்கத்தில் எழுதியிருக்கிறாள், நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பாவம். சீக்கிரம் முடித்துவிடுங்கள். என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் காத்திருக்கிறாள்.